முழங்கால் வலி என்று நான் சொன்னது

போன வாரம் கவிதா, சிரம்பான் பக்கம் மம்பாவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் விட்டுவந்த வேலையில் இப்போது இருப்பவள். பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இதுல தமிழ்ல பேசுங்க. அப்படியே ஜப்பான் பாஷையில சொல்லும்."

"மழ வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுக்கணும்" என்றேன். சொன்னது. பிழை இல்லை. குரல்தான் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது.

"இது இருக்கும்போது ஆள் எதுக்குன்னு கமிட்டியில கேக்கறாங்கக்கா. நீங்க பதினாறு வருஷம் செஞ்ச வேல. என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்களேன். நாங்களும் தெரிஞ்சிக்கணும்லா."

எழுத எனக்குத் தெம்பில்லை. மண்டியிட்டு மண்டியிட்டு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. கீழே ஹாலில்தான் படுக்கை. நல்ல நாள் எத்தனையோ இருந்தன. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் ஒரே ஒரு காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதித் தந்துவிடுகிறேன். மற்றதை அந்தக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது போர்ட்டிக்சன் வழியில், சுவா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சிரம்பானுக்கு வெளியே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நகக்கண் அளவுப் பாகங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை. நடுவில் ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே மொழி வகுப்பில் மற்ற பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டபோது எனக்கு மட்டும் அந்த மொழி ஓடி வந்தது. காரணம் என் மூளையில்லை, தமிழ். அவர்களும் நம்மைப் போல வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். நாம் 'வீட்டுக்கு' என்று 'கு'வைப் பின்னால் ஒட்டுகிற மாதிரி அவர்களும் 'இயே நி' என்று பின்னால் ஒட்டுகிறார்கள். தமிழில் நினைத்து வார்த்தையை மட்டும் மாற்றினேன். மரியாதைச் சொற்கள்கூடச் சிரமமாக இல்லை. ஒரே ஆளை அவன், அவர், அவங்க என்று மூன்று விதமாகச் சொல்லிப் பழகிய நாக்குக்கு அது ஒரு பாரமா?

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அப்போதுதான் ஒரு பழைய பங்களாவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

சுவாவுக்கும் கடற்கரைக்கும் நடுவில், செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு மேட்டில் இருந்தது அது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா. இங்கே வேலைக்கு வந்த ஜப்பானியக் குடும்பங்கள் ஒரு கமிட்டி அமைத்து, அதைப் பழுதுபார்த்து, முன் ஹாலில் தத்தாமி என்கிற கோரைப்பாய் பரப்பி ஒரு தேநீர் அறை கட்டியிருந்தார்கள். ஜப்பானின் பழைய பழக்கங்களையும் மொழியையும் வெளிநாட்டாருக்கு அறிமுகம் செய்வது நோக்கம். போர்ட்டிக்சன் கடலுக்கு வந்த ஆஸ்திரேலியர்கள், ஜெர்மன்காரர்கள், கோலாலம்பூர் மாணவர்கள், ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், சுற்றுவட்டாரச் சங்கங்கள் என்று பலரும் வருவார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர்களுக்கு ஜப்பானைக் காட்டி அனுப்ப வேண்டும்.

அதை நடத்தியவர் ஓகாவா சென்செய். சென்செய் என்றால் ஆசிரியர். அறுபதை நெருங்கிய, என் தோள் உயரமே இருந்த அம்மா. முதல் நாள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இழுப்புக் கதவைக் காட்டி, "திறந்து உள்ளே வாருங்கள்" என்றார். இழுத்தேன், போனேன். "மோ இச்சிதோ" என்றார். இன்னொரு தடவை.

அந்தக் கதவைத் திறக்க மூன்று மாதம் படித்தேன். முதலில் பக்கத்தில் மண்டியிட வேண்டும். பிடியில் கை வைத்து, கை நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டும். யாரோ வருகிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிவதற்காக அந்த இடைவெளி. பிறகு கையைக் கீழே இறக்கி, சட்டத்தைப் பிடித்து, உடம்பின் நடுவரை தள்ள வேண்டும். அதற்கப்புறம் மறு கையால் மீதி. முழுசாகத் திறக்கவும் கூடாது, மூடும்போது கடைசியில் பிடிக்கச் சட்டம் வெளியே தெரிய வேண்டும். சென்செய் ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. தானே எழுந்து போய், அந்த மூன்று அசைவையும் செய்து காட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "மோ இச்சிதோ" என்பார். திட்டியிருந்தால் தேவலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். என் பெயர் தனம். அவர் வாயில் அது 'தனமு-சான்' ஆனது. அவர் அங்கே இருந்த பதினோரு வருடமும் அப்படித்தான் கூப்பிட்டார்.

தேநீர் தனிப் பாடம். முதலில் இனிப்பு சாப்பிட்டு முடிக்க வேண்டும். பிறகுதான் கிண்ணம். பச்சைத் தூளில் வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பம் மாதிரி ஒன்றால் நுரை வரக் கடைவார். கிண்ணத்தின் அழகான பக்கம் விருந்தாளியைப் பார்க்கும். விருந்தாளி அதை இரண்டு தடவை திருப்பி, அந்தப் பக்கத்தில் வாய் படாமல் குடிக்க வேண்டும். நம் ஆட்கள் வந்தால் ஒரே சிரிப்புத்தான். "என்னாங்க இது, மருதாணி அரைச்ச மாதிரி இருக்கு?" "சீனி இல்லையாலா?"

அறைக்குள் போக வெளிமுற்றத்திலிருந்து ஒரு குட்டை வாசல் வைத்திருந்தார்கள். குனிந்து, மண்டியிட்டு, நகர்ந்துதான் நுழைய முடியும். ராஜாவானாலும் தலையைத் தாழ்த்தித்தான் வர வேண்டும், உள்ளே எல்லாரும் சமம் என்பது அதன் விளக்கம். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

வேலை பழகப் பழக எனக்கு ஒரு வழக்கமும் வந்தது. ஒரு ஆஸ்திரேலியர், "இது எப்பய்யா முடியும், கால் செத்துப்போச்சு" என்றார். நான் சென்செயிடம், "இந்த நேர அளவை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்கிறார்" என்றேன். சென்செய்க்கு ஒரே மகிழ்ச்சி. அந்த மனுஷனுக்கு இன்னும் பத்து நிமிடம் விளக்கம் கிடைத்தது. செருப்பை இப்படி வீசிப்போட்டவர் யார் என்று சென்செய் கேட்டால், "செருப்பு வெயில்ல காயுது, திருப்பி வச்சிடலாமா?" என்று வந்தவர்களிடம் சொல்வேன். இரண்டு பக்கத்தாரும் சிரித்த முகமாகவே போனார்கள். நடுவில் நின்று இரு பக்கத்துக் கூர்மையையும் மழுக்கினேன். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்து நாலாவது வருடம், ஒரு சனிக்கிழமை காலையில் சுவாவிலிருந்து கோயில் மாதர் சங்கத்தார் பஸ் பிடித்து வந்தார்கள். பதினெட்டுப் பேர். அவர்களில் செல்வி என்பவர் தன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். பெயர் வீராசாமி. எழுபத்தைந்து தாண்டியவர், நேராக நடந்தார், வெள்ளைச் சட்டை. மற்றவர்கள் ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டே குட்டை வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்கள். அவர் மட்டும் முற்றத்திலேயே நின்றார்.

"ஐயா, வாங்க. தலைய மட்டும் பாத்து."

"நான் வரல."

"கஷ்டமா இருந்தா நான் கையப் புடிச்சிக்கிறேன்."

"கஷ்டமெல்லாம் இல்ல. குனிய மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் இந்தச் சாமான் வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார். பிறகு பங்களாவின் முன்படிகளைக் காட்டினார்.

"அந்தப் படி இருக்கு பாரு. அங்கதான் சண்டைக் காலத்துல மேச போட்டு ஜப்பான்காரன் உக்காந்திருந்தான். பக்கத்துல கணக்கெழுதற கிராணி. ஒவ்வொரு ஆளா வரச் சொல்லி நோட்டுல பேரு எழுதினாங்க. எங்கப்பா பேரு முனியாண்டி. எழுதினத நான் பாத்தேன். எட்டு வயசு எனக்கு. எழுதி முடிச்சதும் குனியச் சொன்னான். குனிஞ்சாரு. பத்தலன்னு அறைஞ்சான். இன்னும் குனிஞ்சாரு. அப்பறம் லோரியில ஏத்திட்டாங்க. சயாமுக்கு, ரயில் ரோடு போட. அவ்வளவுதான், வரல. நீயே சொல்லு, இந்த வீட்டு வாசல்ல நான் குனியவா?"

சயாம் ரயில் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? எங்கள் லயத்திலேயே மூன்று வீட்டில் ஆள் போய்த் திரும்பவில்லை. அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் இந்தப் பங்களாவில் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள் என்று நாலு வருடமாக நான் யாரையும் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருந்தேன் என்பதுதான் சரி.

சென்செய் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "தனமு-சான், அவர் என்ன சொல்கிறார்?"

உள்ளே மற்ற பதினேழு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கிறது. தட்டில் இனிப்பு எடுத்து வைத்தாகிவிட்டது.

"முழங்கால் வலியாம்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

சென்செய் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தார். விருந்தாளியால் வீட்டுக்குள் வர முடியாவிட்டால் வீடு அவரிடம் போக வேண்டும் என்பது அவர் முறை. ஒரு நாற்காலியைத் தானே தூக்கி வந்து கொய்யா மரத்தடியில் போட்டார். வீராசாமி ஐயா செல்வி சொன்னதற்காக உட்கார்ந்தார். சென்செய் உள்ளே போய் இனிப்பும், பிறகு தேநீரும் கொண்டுவந்தார். கிமோனோ உடுத்திய அந்த அம்மா, சரளைக்கல் தரையில் அவர் முன்னால் மண்டியிட்டு, கிண்ணத்தை வைத்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். பெரிய விருந்தினருக்குச் செய்கிற வணக்கம் அது. வலியோடு வந்தவர் என்று கூடுதலாகச் செய்திருப்பார்.

வீராசாமி ஐயா அசையவில்லை. அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னத சொன்னியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முதல் பொய் வாயிலிருந்து தானாக வந்தது. இதை நான் தெரிந்தே சொன்னேன்.

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். கசப்பு என்றோ சீனி வேண்டும் என்றோ சொல்லவில்லை. முழுதாகக் குடித்துவிட்டு, "போதும், எந்திரிக்கச் சொல்லு" என்றார்.

"தேநீர் நன்றாக இருக்கிறது என்கிறார்" என்று சென்செயிடம் சொன்னேன்.

அந்தச் செய்தி சுவா முழுக்கப் பரவியது. ஜப்பான்காரி வீராசாமி கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாளாம், தனந்தான் பேசி வச்சாளாம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்கள். நல்ல காரியம் செஞ்சே என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. என் கணவர் கேட்டதற்கு வேலைக் களைப்பு என்றேன். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் பாதி.

ஆறு வாரம் போயிருக்கும். செல்வி ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். நான் உள்ளே கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சென்செய்க்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். செல்வி ஆங்கிலத்திலேயே பேசினார். "எங்க அப்பா இப்ப நிம்மதியா தூங்கறாரு. நீங்க மன்னிப்பு கேட்டதிலேர்ந்து. அதான் நன்றி சொல்ல வந்தேன்."

சென்செய் சட்டியை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்று அவர் என்ன சொன்னார்? ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்."

சொன்னேன். படி, மேசை, நோட்டு, அறை, லோரி. எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. சென்செய் பாயசச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் ஒரு முழங்காலுக்குத் தலை வணங்கினேன்" என்றார் பிறகு. "அவர் அதைத் தன் தகப்பனாருக்கு என்று வாங்கிக்கொண்டார். அது நான் கொடுக்காத வணக்கம்."

"தப்புத்தான், சென்செய்."

"அந்தச் சொற்கள் எனக்கு வந்தவை. நீங்கள் வழியிலேயே எடுத்து வைத்துக்கொண்டீர்கள்."

அவர் என்னைக் குறை சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. வீராசாமி ஐயா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். நானும் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன். "அவர் நிம்மதியா இருக்கார். வயசானவர். அதைப் போய் ஏன் கலைக்கணும்? விட்டுடலாம், சென்செய்."

"விட்டால் நிம்மதி உங்களுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய காரில் போனோம். தோட்டத்தை ஒட்டிய மலிவு விலை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. எங்களைப் பார்த்ததும் ஐயா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க வாங்க" என்றார். நாற்காலியை அவரே துடைத்தார். செல்வி மைலோ கலக்கப் போனார். அந்த மரியாதை என்னைக் கொன்றது. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"ஐயா, அன்னிக்கு நீங்க சொன்னத நான் இவங்ககிட்ட சொல்லல. முழங்கால் வலின்னு சொன்னேன். இவங்க குனிஞ்சது அதுக்குத்தான்."

ஐயா நாற்காலி துடைத்த துணியைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

நான் சென்செய் பக்கம் பார்த்தேன்.

"அவ ஜப்பான்காரி. அவளுக்குத் தெரியாது" என்றார். "உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் ஐயா."

செல்வி மைலோத் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏங்க்கா இப்ப வந்து இதச் சொல்றீங்க? அப்பா நல்லாத்தானே இருந்தாரு!" என்று அழுதார். செல்வி அதற்குப் பிறகு கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அது நியாயம்தான்.

சென்செய் நாற்காலியை விட்டு இறங்கிச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். கையை ஊன்றப் போனபோது ஐயா தன் கையை உயர்த்தினார்.

"வேணாம். அவகிட்ட சொல்லு. எங்க வீட்டுல யாரும் குனிய வேணாம். உக்காந்து கேக்கட்டும். நீ ஒண்ணுவிடாம சொல்லு."

அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்தார். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர், முனியாண்டி காலராவில் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாராம். இன்னொருவர், இல்லை, அவரை வேறு முகாமுக்கு மாற்றினார்கள் என்றாராம். இரண்டில் எது என்று தெரியவில்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் பொட்ட அழிக்கல" என்றார்.

இதைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. பொட்டு என்றால் என்ன, யார் வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள், அழிக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எல்லாவற்றையும் சொன்னால்தான் அந்த ஒரு வாக்கியம் போய்ச் சேரும்.

"என்னா, இவ்ளோ நேரம் சொல்றே?"

"பொட்டுன்னா என்னன்னு சொன்னேன் ஐயா."

"நல்லா சொல்லு."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார். "பேரு எழுதினாங்க. நான் பாத்தேன். அந்த நோட்டு எங்க இருக்கு? அத மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லு."

சென்செய் சொன்ன பதிலை அப்படியே தமிழில் கொடுத்தேன். "தேடறாங்களாம். கெடைக்கும்னு சொல்ல மாட்டாங்களாம்."

பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் சென்செய். "முனியந்தி" என்று சொல்லிப் பார்த்தார்.

"முனியாண்டி" என்றார் ஐயா. "நீட்டிச் சொல்லணும்."

சென்செய் ஏழெட்டுத் தடவை சொன்னார். ஐயா தலையை ஆட்டும்வரை விடவில்லை. அன்று 'இன்னொரு தடவை' என்று சொன்னவர் ஐயாதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடிதம் எழுதினோம். சென்செய் தன் கையால் எழுதுவார். ஆவணங்கள் வைத்திருக்கிற அலுவலகங்கள், பழைய சிப்பாய்களின் சங்கங்கள், ஒரு நூலகம், ஒரு புத்த மடம் என்று எங்கெங்கோ போயின. பதில் வராதவை பாதி. வந்தவற்றில் பணிவு நிறைய இருந்தது, விஷயம் இல்லை. தேநீர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கமிட்டியில் கேட்டதாகவும் காதில் விழுந்தது. சென்செய் அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் அந்தப் பக்கக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார். குனிந்து வர விரும்பாதவர்கள் இந்த வழியாக நடந்து வரலாம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டும். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பஸ்ஸுக்குத் திரும்பிப்போனவர்களும் உண்டு. நான் எதையும் மழுக்குவதை நிறுத்தியிருந்தேன். வேலை இரண்டு மடங்கு கனமானது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காது.

கடைசிப் பதில் வந்தபோது சென்செய் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். போனில் படித்துக் காட்டினேன். "இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

தனியாகப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் என்ன? அவருக்கு எண்பது நெருங்குகிறது. இன்னும் எத்தனை வருடம்? காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு இல்லையாம் ஐயா. அந்த மாதிரி நோட்டு எதுவும் அவங்ககிட்ட இல்லையாம்."

"இல்லையா."

"இல்லங்க."

"நல்லா தேடினானா?"

"நல்லா தேடினதா எழுதியிருக்காங்க. தேடினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

என்னை ஒருமுறை பார்த்தார். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தார்.

"இதுல எங்கப்பா பேரு இருக்கா?"

இருந்தது. 'திரு. முனியாண்டி அவர்கள் குறித்து நீங்கள் கேட்டிருந்தது' என்றுதான் கடிதம் ஆரம்பிக்கிறது. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். ஜப்பானிய எழுத்து ஐந்து, நடுவில் ஒரு கோடு, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எழுத்து.

"இந்தக் கோடு என்னா?"

"நீட்டிச் சொல்றதுக்கு."

விரல் அந்தக் கோட்டின் மேல் போய் வந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

கடிதத்தை அவரே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "அவங்க ஏன் வரல?"

"கண்ணு ஆப்பரேஷன், ஐயா. ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"அவங்க கண்ணு எப்படியிருக்குன்னு நான் கேட்டதா சொல்லு."

மறுநாள் சிரம்பானிலிருந்து ரயிலில் கோலாலம்பூருக்குப் போனேன். சென்செய் ஒரு கண்ணில் கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். 'எழுதியிருக்கான்' என்று ஐயா சொன்னபோது அதில் மரியாதை இல்லை என்பதையும் சொன்னேன். தமிழில் தனக்குக் கீழே நினைக்கிறவரை, அல்லது பிடிக்காதவரை அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன்.

"எவ்வளவு மரியாதைக் குறைவு?"

"நிறைய."

"சரி" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கிக் கேட்டார். "என்னையும் அப்படித்தான் சொல்கிறாரா?"

"முதலில் அப்படித்தான் சொன்னார், சென்செய். 'அவ' என்றார். நேற்று 'அவங்க' என்றார். இரண்டு தடவை. உங்கள் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்."

அந்த இரண்டு சொல்லையும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உதடு அசையத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். கட்டு நனைந்துவிடும் என்று தாதி வந்து கடிந்துகொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஐயாவிடம் என்ன பதில் சொல்ல என்று கதவருகே நின்று கேட்டேன்.

"வலிக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். "குறைத்துச் சொல்லாதீர்கள்."